பதிவு இல்லாமல் நின்ற கரும்பு

பொன்னியிடம் போய், "இதெல்லாம் தேவையில்லாததுக்கா, டெலிட் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் போதும், அவள் முகம் மாறிவிடும். "தேவையில்லைன்னு உனக்கு யாரு சொன்னது?" என்பாள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். பதில் தெரியாத இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. இருபது வருடமாக அதே கட்சிதான்.

விழுப்புரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் கணினிப் பிரிவு அவள் பொறுப்பு. பொறுப்பு என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரண்டாவது முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போய், 2006இல் தினக்கூலிக்குத் தட்டச்சு செய்ய வந்தவள். கரும்பு விவசாயிகளின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது வேலை. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று நின்றே டேட்டாபேஸ் கற்றுக்கொண்டாள். எட்டு இன்ஜினியர்கள் வந்தார்கள், எட்டுப் பேரும் போனார்கள், பொன்னி மட்டும் இருந்தாள். சர்வருக்கு மூச்சு முட்டினால் ஆலை முழுவதும் அவளைத்தான் தேடும். மாதக் கடைசியில் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது மட்டும் யாருக்கும் அவள் நினைவு வராது.

அவளுடைய அம்மா ஜெயம் இதே ஆலைக்குக் கரும்பு வெட்டியவர். கோலியனூர்ப் பக்கத்து வயல்களில் இருபது வருடம் வெட்டினார். வெட்டுகிறவரின் மகள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு உண்டு. அந்த ஏசி சர்வருக்காகப் போட்டது என்று பொன்னி சிரிப்பாள்.

2011இல் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறாள். கரும்பு வண்டிகளுக்குக் கொடுக்கும் டோக்கன்களில் ஒரே ஒன்றை அழிக்க வேண்டியவள், எந்த டோக்கன் என்று சொல்லும் வரியை எழுத மறந்து பொத்தானை அழுத்திவிட்டாள். அன்றைய டோக்கன் அத்தனையும் போயிற்று. கார்பன் நகல்களை வைத்து மூன்று நாள் திரும்ப ஏற்றினாள். அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கென்று சில முறைகள் வந்தன. அழிப்பதற்கு முன் எத்தனை வரி போகும் என்று எண்ணிப் பார்ப்பாள். எண்ணியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பாள். நகல் எடுப்பாள். எடுத்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் போட்டுப் பார்ப்பாள். திறக்காத நகலை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும் ஆட்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும்.

இந்த வருடம், 2026 மாசியில், சர்வர் நிரம்பிவிட்டது. அரவை உச்சத்தில் இருந்தது. எடைமேடையில் டிராக்டர் ஏறியதும் பதிவு எண்ணைத் தட்டினால் விவரம் வரவேண்டும். வர இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆனது. ஒரே வாரத்தில் இரண்டு தடவை அப்படியே நின்றுபோய், கரும்பு டிராக்டர்கள் நெடுஞ்சாலை வரைக்கும் வரிசை கட்டின. டிரைவர்கள் திட்டியது கணினிப் பிரிவுக்கே கேட்டது.

மேலாளர் ஜெகதீசன் ஒரு படிவத்தோடு வந்தார். 2021 ஜனவரிக்கு முன் நடவு செய்த பதிவுகள் அனைத்தையும் நீக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பொன்னி எண்ணிப் பார்த்தாள். ஒரு பதிவுக்குக் கீழே வயல் ஆய்வு, டோக்கன், எடை என்று ஐம்பது அறுபது வரிகள் இருக்கும். மொத்தம் பதினைந்து லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் வரிகள்.

"ஒரே அடியா அடிச்சித் தள்ளு பொன்னி. பேஜாரு முடிஞ்சிதுன்னு இருக்கட்டும்" என்றார் ஜெகதீசன்.

"ஒரே அடியா அடிச்சா எடைமேடை நின்னுடும் சார். அழிச்சிக்கினு இருக்கிற வரைக்கும் வேற யாரும் அந்தப் பதிவேட்டு டேபிளைத் தொட முடியாது. பாதியில வேணாம்னு நிறுத்தினா, அழிச்சதையெல்லாம் அதுவே திரும்பப் போட்டுக்கினு இன்னும் அவ்ளோ நேரம் இழுக்கும். ஐயாயிரம் ஐயாயிரமா எடுக்கிறேன். நடுவுல கொஞ்சம் விட்டுவிட்டு."

"எப்பிடியோ பண்ணு. ஜல்தி முடிஞ்சா சரி."

பொன்னி படிவத்தைப் படித்தாள். பதினான்கு பதினைந்து மாதத்துக்கு மேல் எந்தக் கரும்பும் வெட்டாமல் வயலில் நிற்காது, ஐந்து வருடம் என்பது தாராளம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

ஆலையைச் சுத்தம் செய்வதற்காக அரவையை நிறுத்தும் நாள் ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு நிறுத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் மறுபடி ஓடும். அந்த எட்டு மணி நேரத்தைத்தான் அவள் கேட்டு வாங்கியிருந்தாள். அன்றைக்கு இன்னொன்றும் இருந்தது. நாலு மணிக்கு அடுத்த இருபது நாளைக்கான கட்டிங் ஆர்டர் பட்டியல் தானாக இறங்கும். யார் வயலில் எந்தத் தேதிக்கு வெட்டு என்று அந்தப் பட்டியல்தான் சொல்லும். வெட்டு ஆட்கள் அதைப் பார்த்துத்தான் ஊர் ஊராகப் போவார்கள். பட்டியலில் பேர் இல்லாதவன் அடுத்த இருபது நாள் கரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாசி வெயிலில் முற்றிய கரும்பு இருபது நாள் நின்றால் பூ வைத்துக் காய்ந்து சக்கையாகிவிடும்.

முந்தின நாளே பழைய வரிகள் எல்லாவற்றையும் மூலையில் கிடந்த இன்னொரு கணினிக்கு நகல் எடுத்து, திறந்தும் பார்த்துவிட்டாள். எட்டு மணிக்கு முதல் ஐயாயிரம் போயிற்று. எண்ணினாள், சரியாக இருந்தது. இரண்டாவது ஐயாயிரம், மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, எடைமேடைத் திரை நகர்கிறதா என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். பதினொரு மணிக்கு நூற்றிருபத்தொன்று முடிந்திருந்தது. ஆறு லட்சத்து ஐயாயிரம் வரிகள். எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. திண்டிவனம் கோட்ட அலுவலகத்தில் பதிவேடு பார்க்கும் தென்னரசு.

"அக்கா, இங்க ஒருத்தர் வந்துகீறாரு. பிரம்மதேசத்துக்காரர், சின்னதுரைன்னு. கட்டிங் ஆர்டர் எப்ப வரும்னு கேக்கறாரு. நம்பரைப் போட்டா பதிவு இல்லைன்னு வருது. நேத்து நான் பார்த்தேன்க்கா, இருந்துச்சி."

"நம்பரைத் தப்பா போட்டிருப்ப. படி."

அவன் படித்தான். 11472. பொன்னி தட்டினாள். பதிவு இல்லை. மூலையில் இருந்த நகல் கணினியில் தேடினாள். இருந்தது. சின்னதுரை, பிரம்மதேசம், நடவு 2020 தை.

"தென்னரசு, இது ஆறு வருஷத்துக் கரும்பு. இன்னும் எப்பிடி நிக்கும்?"

"நடவு இல்லக்கா. கட்டை. அஞ்சாம் கட்டை நிக்குது."

பொன்னியின் விரல் தன்னால் போய் ஓட்டத்தை நிறுத்தியது. நூற்றிருபத்திரண்டாவது ஐயாயிரம் போகவில்லை.

கரும்பை வெட்டினால் அடிக்கட்டை மண்ணில் நிற்கும். தண்ணீர் விட்டால் அதிலிருந்தே மறுபடி துளிர்த்து வளரும். முதலாம் கட்டை, இரண்டாம் கட்டை என்று எண்ணிக்கொண்டு போவார்கள். விழுப்புரம் பக்கத்துக் கோட்டங்களில் ஒவ்வொரு கட்டைக்கும் புது எண் போடுவார்கள். ஆலையின் விதியும் அதுதான். பொன்னி இருபது வருடமாக ஏற்றியதும் அப்படித்தான்.

"ஒவ்வொரு கட்டைக்கும் புது நம்பர் போடலையா நீங்க?"

"இங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்கக்கா. பழைய நம்பருக்குத்தானே முன்னாடி வெட்டு வருது. புது நம்பர் வாங்கினா கடைசிக்குப் போயிடுவாங்க. அதனால ஏர் போட்டுக் கட்டையைப் பேத்து எடுக்கிற வரைக்கும் அதே நம்பர்தான். எத்தினியாவது கட்டைன்னு நோட்டுல பென்சில்ல குறிச்சி வைப்போம். எனக்கு முன்ன இருந்தவரு காலத்துலேர்ந்தே அப்பிடித்தான்."

கம்ப்யூட்டருக்கு அந்தப் பென்சில் தெரியாது. பொன்னிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறுமியாக அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோய், வெட்டிய வயலில் கட்டைகள் மேல் நடந்து பாதம் கிழிந்தவள் அந்த அலுவலகத்திலேயே அவள் ஒருத்திதான். கட்டை சாகாது என்று ஜெகதீசனுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஜெயத்தின் மகளுக்குத் தெரியாமல் போகலாமா? அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அதுதான் முதலில் வந்தது.

வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரம் இல்லை. மணி பதினொன்றே கால். போன பருவத்தில் எடைமேடைக்குக் கரும்பு வந்த எண்கள் எல்லாம் உயிரோடு இருக்கும் வயல்கள்தானே என்று யோசித்தாள். அழித்ததில் அப்படி எத்தனை என்று நகலில் தேடினாள். நூற்று எண்பத்தாறு வயல்கள். நூற்று எண்பத்தாறு குடும்பம் நாலு மணிப் பட்டியலில் இல்லாமல் போயிருக்கும். அந்த வயல்களின் வரிகளை மட்டும் எடுத்துத் திரும்பப் போட்டாள். எண்ணினாள். சரியாக இருந்தது. மூச்சை விட்டுக்கொண்டு தென்னரசுக்குப் போன் போட்டாள்.

"இப்ப நம்பரைப் போடு."

அவன் எண்ணைத் தட்டும் ஓசை கேட்டது. "இல்லைன்னுதான்க்கா வருது."

"நல்லா பாரு."

"பார்த்துட்டேன்க்கா. இல்ல." பின்னால் யாரோ கேட்பது கேட்டது. பிறகு வேறு குரல் வந்தது. நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"சின்னதுரை பேசறேம்மா. இன்னா ஆச்சி என் கரும்புக்கு?"

"ஐயா, போன பருவத்துல மில்லுக்கு அனுப்பினீங்களா?"

"எங்க அனுப்பறது? முந்தின வருஷக் கார்த்திகை வெள்ளத்துல வயலே முழுகிப் போச்சே. சாஞ்ச கரும்பை மாட்டுக்கு அறுத்துப் போட்டேன். கட்டை மட்டும் பொழைச்சிக்கிச்சி. இப்ப நல்லா நிக்குது."

வெள்ளத்தில் முழுகிய வயல் அவர் வயல் ஒன்றுதானா? அந்த வருடம் திண்டிவனம் பக்கம் பாதி ஊர் தண்ணீரில் கிடந்தது. எந்த வயலின் கட்டை பிழைத்தது, எது அழுகியது என்று எந்த டேபிளிலும் இல்லை. இன்னொரு விதி போட்டுத் தேடலாம். அந்த விதிக்கும் வெளியே ஒருவர் நிற்பார். அவர் யார் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. நாலு மணிக்குப் பட்டியல் இறங்கிவிடும்.

ஜெகதீசனின் அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"அழிச்சது எல்லாத்தையும் திரும்பப் போட்டுடறேன் சார்."

ஜெகதீசன் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு லட்சத்தையுமா? காலையிலேர்ந்து பண்ணின வேலை? அந்த ஆளு நம்பரை மட்டும் கையால போட்டு உடு. வேற யாராச்சும் வந்தா அப்ப பார்த்துக்கலாம்."

"இவரு இன்னிக்கு ஆபீசுக்கு வந்தாரு, தெரிஞ்சிது. வராதவங்களுக்கு நாலு மணிக்கு மேல தெரிஞ்சி இன்னா பிரயோஜனம் சார்?"

"நாலுக்குள்ள முடியுமா?"

"தெரியல சார். பட்டியலை ரெண்டு மணி நேரம் தள்ளிப்போட்டா நல்லது."

"தள்ளிப்போட்டா எம்.டி. காரணம் கேப்பாரு. இன்னான்னு சொல்றது? நீதான் கையெழுத்துப் போட்டிருக்க." சொல்லிவிட்டு அவர் வேறு கோப்பை எடுத்துக்கொண்டார். படிவத்தை எழுதியது தான்தான் என்பது அவருக்கு அந்த நிமிடம் மறந்துபோயிருந்தது. பெரிய அதிகாரிகளுக்கு இந்த மறதி நன்றாகக் கைவரும்.

பன்னிரண்டே காலுக்கு முதல் ஐயாயிரத்தைத் திரும்ப ஏற்றினாள். அழிக்கும்போது ஒன்றரை நிமிடம் ஆனது. இன்னொரு கணினியிலிருந்து எடுத்துப் போடும்போது இன்னும் கொஞ்சம் பிடித்தது. நூற்றிருபத்தொன்றையும் அதால் பெருக்கினாள். முட்டிமோதி நாலு மணிக்கு வந்து நின்றது. ஏற்கெனவே திரும்பிவிட்ட நூற்று எண்பத்தாறு வயல்களும் இரண்டாம் முறை ஏறிவிடாதபடி ஒரு வரி சேர்த்தாள். அவசரத்தில் அதை விட்டிருந்தால் ஒரே வயலுக்கு இரண்டு கட்டிங் ஆர்டர் போயிருக்கும். ஒரே அடியாக ஏற்றிவிட ஆசை வந்தது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் யார்டில் டிராக்டர்கள் சேர ஆரம்பித்துவிட்டன, எடைமேடை ஓடிக்கொண்டிருந்தது. ஆசையை அடக்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்கு அறுபத்தொன்று. இரண்டே முக்காலுக்கு எடைமேடைத் திரை தடுமாறியது. நாலு மணி அரவைக்காக டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. எடைமேடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இன்னாம்மா பண்றீங்க, சுத்துது" என்றார். பொன்னி ஏற்றுவதை நிறுத்தினாள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைக்கு மிகக் கொடுமை. வேலை செய்யும்போது பயம் ஓரமாக நிற்கும், கை சும்மா இருந்தால் மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிசை நகர்ந்ததும் ஐயாயிரத்தை மூவாயிரமாகக் குறைத்து மறுபடி ஓட்டினாள். எடைமேடை ஓய்ந்த நேரம் பார்த்து ஐயாயிரமாக்கினாள்.

மூன்று மணி ஐம்பத்திரண்டுக்குக் கடைசி வரி ஏறியது. எண்ணச் சொன்னாள். எண்ணி முடிக்க ஒரு நிமிடம் ஆனது. காலையில் காலண்டர் தாளில் எழுதிய எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. தாளின் மேல் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக இன்னொரு தடவை பார்த்தாள்.

நாலு மணிக்குப் பட்டியல் இறங்கியது. அறுபத்து மூன்றாவது பெயர் சின்னதுரை, பிரம்மதேசம். அடுத்த புதன்கிழமை வெட்டு. வெளியே ஆலை ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது.

திண்டிவனத்துக்குப் போன் போட்டாள். சின்னதுரை இன்னும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று தென்னரசு சொன்னான். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லையாம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஐயா, உங்க நம்பர் வந்துடுச்சி. புதன்கிழமை ஆள் வருவாங்க. காலையில உங்க பதிவை அழிச்சது நான்தான். என் தப்புங்க."

"எங்களை மாதிரி எத்தினி பேரும்மா?"

"தெரியலைங்க ஐயா. இருநூறுக்கு மேல இருக்கும்."

"அழிக்கறதுக்கு முன்ன, இங்க ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

எண்ணியிருந்தாள். நகல் எடுத்திருந்தாள். நகலைத் திறந்தும் பார்த்திருந்தாள். ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரித்து, இடைவெளி விட்டு, ஒரு டிராக்டர்கூட நிற்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கலைங்க ஐயா."

"நான் இன்னிக்கு ஆபீசுக்குன்னு வரலம்மா. பேரப்பிள்ளைக்கு ஊசி போட மருமகளோட ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கூட்டமா இருந்துச்சி, டோக்கன் வாங்கிக் குடுத்துட்டு, சும்மா நிக்கறதுக்குப் பதிலா இங்க எட்டிப் பார்த்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "சரிம்மா, வெக்கிறேன்."

பொன்னி போனை வைத்தாள். ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் பதினைந்து லட்சமும் போயிருக்கும், எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல்.

படிவத்தை எடுத்தாள். ‘பணி முடிந்தது’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘திண்டிவனத்தைக் கேட்கவில்லை. நாளை நேரில் போய்ப் பென்சில் குறிகளைப் பார்த்து வருகிறேன். அதுவரை ஒரு வரியும் அழிக்கப்படாது’ என்று எழுதி, கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டாள். ஜெகதீசனின் மேஜையில் வைத்துவிட்டு, காலை எத்தனை மணிக்குத் திண்டிவனத்துக்கு முதல் பஸ் என்று வாசலில் நின்ற காவலாளியிடம் கேட்டாள்.